பதிமூன்றாம் பதிப்பும் என் வீட்டுக்காரருக்கு வந்த வரனும்

எங்கள் கல்யாணத்தை முடித்து வைத்தது ஒரு கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் ஜாதகப் பரிவர்த்தனை நிலையம் நடத்திவருகிறார். தறி வைத்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வரன் தேடத் தொடங்கினால் முதலில் அந்த மாடிப்படியில்தான் ஏறுவார்கள். என் அப்பாவும் ஏறினார். பிள்ளையார்பாளையத்திலிருந்து என் மாமியாரும் ஏறினார். இரண்டு நோட்டுகளில் எங்கெங்கோ கிடந்த எங்களை டீச்சர்தான் எடுத்துச் சேர்த்து வைத்தார். பத்துக்கு ஆறு பொருத்தம். அப்பா கொஞ்சம் தயங்கியபோது, "முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ் போடறோம், இது அறுபது" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நன்றிக்காக, கல்யாணமான இரண்டாம் வருடம் டீச்சருக்கு ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து கொடுத்தேன். நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறவள். டீச்சரின் அலமாரியில் இருந்த நோட்டுகளை எல்லாம் நானும் அவரும் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை, தெரு, தொலைபேசி எண், புகைப்படம் எல்லாம் ஏறியது. அதற்குப் பிறகு இன்னொரு நோட்டைப் பிரித்து, யார் யாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதோ அவர்கள் பெயருக்கு எதிரே "முடிந்தது" என்று குறித்தோம். இந்தக் கடைசி வேலைக்கே ஒரு மாதம் பிடித்தது. என் பெயருக்கும் என் வீட்டுக்காரர் பெயருக்கும் டீச்சர் தன் கையாலேயே "முடிந்தது" போட்டார்.

கம்ப்யூட்டர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதில் நான் எல்லாவற்றையும் கன்டெய்னர் முறையில் ஓட வைத்திருந்தேன். ஒவ்வொரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு தனி டப்பாவில் அடைத்து ஓட்டுகிற முறை அது. தகவல்களைக் காக்கும் டேட்டாபேஸ் ஒரு டப்பா, பட்டியலை அச்சடிப்பது ஒரு டப்பா, திரையில் காட்டுவது ஒரு டப்பா. எந்த டப்பாவில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் "இருப்பதிலேயே புதியது" என்று எழுதியிருந்தேன். ஆபீசில் யாராவது அப்படி எழுதினால் அரை மணி நேரம் வகுப்பெடுப்பேன். இது டீச்சர் வேலைதானே என்று விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை டீச்சர் ஒரு கல்யாண மண்டபத்தில் வரன் கூட்டம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரம் மட்டுமில்லை, ஐயம்பேட்டை, ஆரணி பக்கமிருந்தெல்லாம் பெற்றவர்கள் வருவார்கள். காலையில் பட்டியல் கொடுப்போம், அதைப் பார்த்து அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள், மதியம் சாப்பாடு. போன கூட்டத்துக்கு என் குடும்பமே வேலைக்கு வந்திருந்தது. வாசலில் பதிவு மேஜையில் என் மாமியார், அவர் மடியில் என் மூன்று வயது மகள். பிரிண்டரைத் தூக்கிவந்து வைத்தது என் வீட்டுக்காரர். மேடையோரம் ஒரு மேஜையில் பெட்டியோடு நான்.

எட்டரை மணிக்கு முதல் பிரதியை அச்சடித்து டீச்சரிடம் நீட்டினேன். அவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மேல ஸ்ரீ உடைஞ்சிருக்குதே."

உண்மைதான். ஸ்ரீ என்ற எழுத்து ஸ் தனியாகவும் ரீ தனியாகவும் பிரிந்து நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு விழுந்திருந்தது.

"உள்ள எல்லாம் சரியா இருக்குது டீச்சர்."

"உள்ள இருக்கறத அப்பறம் பாப்பாங்க. மங்கள காரியத்துக்கு முதல் எழுத்தே உடைஞ்சு வந்தா காகிதத்தைக் கையில வாங்குவாங்களா?"

அச்சடிக்கும் டப்பாவின் புதிய பதிப்பில் அந்த எழுத்துக் கோளாறு சரிசெய்யப்பட்டிருப்பது எனக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை. என் கைபேசியின் இணையத்தைப் பெட்டிக்குக் கொடுத்து, எல்லாவற்றையும் புதுப்பி என்று கட்டளை போட்டேன். அச்சு டப்பாவை மட்டும் புதுப்பி என்று போட்டிருக்கலாம். இன்னும் நாலைந்து எழுத்துதான் கூடுதலாகத் தட்டியிருக்க வேண்டும்.

காலை நேரம், சிக்னலும் நன்றாக இருந்தது. எல்லாம் இறங்கின. ஸ்ரீ அழகாக, முழுசாக வந்தது. அதற்குக் கீழே ஒரு பெயரும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள்.

டேட்டாபேஸ் டப்பா எழுந்துகொள்வதும், இரண்டு வரி முனகுவதும், விழுவதும், மறுபடி எழுவதுமாக இருந்தது. அந்த முனகலை எடுத்துப் படித்தேன். இந்தத் தகவல் கோப்புகள் பதிமூன்றாம் பதிப்பில் உருவாக்கப்பட்டவை, நான் பதினேழாம் பதிப்பு, எனக்கும் இவற்றுக்கும் பொருந்தாது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. சந்தேகம் தீரத் தகவல் அடைவை, அதாவது அந்தக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை, திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்னக் கோப்பில் பதிமூன்று என்ற எண் மட்டும் இருந்தது.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா சொல்லுது?"

"பொருந்தலன்னு சொல்லுது டீச்சர்."

"எதுக்கும் எதுக்கும்?"

"பழைய டேட்டாவுக்கும் புது சர்வருக்கும்."

"பரிகாரம் இருக்குதா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. இருபது வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. எனக்குத்தான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பரிகாரம் இருந்தது. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் பட்ட ஆலோசனை, தகவல் அடைவை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றது. நிச்சயமாகச் சரியாகிவிடும். ஊரில் ஒருவர்கூட பதிவு செய்யாத சுத்தமான நிலையம் கிடைக்கும். அதை மூடிவிட்டு, முதல் வேலையாக அந்த டப்பாவை நிறுத்தினேன். தகவல் அடைவை அப்படியே இன்னொரு இடத்துக்கும், ஒரு பென்டிரைவுக்கும் நகலெடுத்தேன். அந்த நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

வழி இதுதான்: பதிமூன்றாம் பதிப்பை மறுபடி இறக்கி, பழைய கோப்புகளைப் பழைய பதிப்பிலேயே திறக்க வேண்டும். பழைய டப்பா பெட்டியில் இல்லையா என்றால், இடத்தை அடைக்கிறதே என்று புதுப்பித்த கையோடு நானே பெருக்கித் தள்ளியிருந்தேன். சரி, இறக்குவோம் என்றால், அதற்குள் மண்டபத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தனை பேரும் கைபேசியில் ஜாதகம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது. என் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்ததில், சமையல்கட்டு ஜன்னலில் வைத்தால் மட்டும் இரண்டு கோடு வந்தது. அங்கேயே வைத்தேன். தலைமைச் சமையல்காரரிடம், "அண்ணா, இதை யாரும் தொடக்கூடாது, இதுலதான் எல்லாருடைய ஜாதகமும் வந்துக்கினு இருக்குது" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

"அவ்ளோ நேரம் இவங்கள உக்கார வைக்க முடியாது. கையில ஏதாவது கொடுத்தாகணும்" என்றார் டீச்சர்.

வாராவாரம் தானாகக் காப்புப்பிரதி எடுத்துவைக்கிற ஒரு ஏற்பாடும் செய்திருந்தேன். அதைத் திறந்தேன். வாராவாரம் தவறாமல் கோப்பு இருந்தது. ஒவ்வொன்றும் காலி. அந்த ஏற்பாட்டைச் செய்த கையோடு டப்பாவின் பெயரை அழகாக மாற்றியிருந்தேன். காப்பு எடுக்கும் நிரல் மட்டும் பழைய பெயரையே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், வெறும் கோப்பை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு வருடமாக. கீழே, ரொம்பக் கீழே, ஒரே ஒரு கோப்பு மட்டும் கனமாக இருந்தது. ஆரம்பத்தில் நோட்டுகளைத் தட்டச்சு செய்த காலத்தில் நான் கையால் எடுத்தது.

சமீபத்தில் சேர்ந்தவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். அவர்களை டீச்சரின் நோட்டைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளலாம், மற்றவர்களாவது கிடைப்பார்களே என்று நினைத்தேன். பதினேழாம் பதிப்புக்கு ஒரு புது அடைவு கொடுத்து, அந்தப் பழைய காப்பை அதில் ஏற்றினேன். ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. ஸ்ரீயோடு, பெயர்களோடு, பட்டியல் பக்கம் பக்கமாக வந்தது. நாற்பது பிரதி அடித்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து ஒரு காபி குடித்தேன். வழக்கத்தைவிடப் பட்டியல் கனமாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஊரில் வரன் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தவர் ஒலிபெருக்கிக்காரர். மேடைக்குப் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர், கையில் ஒரு பிரதியோடு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இதுல நான் இருக்கறேன்."

"வரன் பாக்கறீங்களா அண்ணா?"

"எனக்கு ரெண்டு பசங்க மேடம். பெரியவன் எட்டாவது படிக்கறான்."

அவர் போன கையோடு ஒரு தம்பதி வந்தார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள். பட்டியலில் அந்த அம்மாளின் பெயரும் இருந்தது, தனியாக, வேறு பக்கத்தில் கணவர் பெயரும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோசியம் தெரிந்த ஒரு பெரியவர், யாரென்று தெரியாமல், அந்த அம்மாளின் ஜாதகத்துக்கு இருபத்தேழாம் எண் பையனோடு ஒன்பது பொருத்தம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். "எங்களுக்கு எத்தனைன்னு கேட்டேன், அஞ்சுதான்னு சொல்றாரு" என்றார் அந்த அம்மாள். கணவர் இருபத்தேழாம் எண் யார் என்று தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காப்பை நான் எடுத்தது நோட்டுகளைத் தட்டச்சு செய்து முடித்த அன்றைக்கு. "முடிந்தது" என்று குறிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. அதாவது டீச்சர் இருபது வருடமாகச் சேர்த்து வைத்த எல்லாரையும் நான் ஒரே காலையில் பிரித்து வைத்திருந்தேன்.

எல்லாரும் என்றால் நாங்களும்தான் என்பது அடுத்த நொடியில் உறைத்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பதிவு மேஜைக்கு எதிரே ஒரு அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்து அருகே போனேன்.

"இந்த நாப்பத்தி மூணாம் நம்பர் பையன், பிள்ளையார்பாளையம்னு போட்டிருக்குது. உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பமாம்மா?"

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். டிப்ளமோ. ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. சொந்த வீடு. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"தெரிஞ்ச குடும்பம்தான்."

"பையன் எப்படி?"

"தங்கமான பையன். கெட்ட பழக்கம்னு ஒண்ணு கெடையாது."

"அம்மாக்காரி எப்படிம்மா? அதான் முக்கியம்."

"அவங்களப் பத்தி ஊர்ல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

"இவ்ளோ நாளா ஏன் கட்டாம வச்சிருக்காங்க?"

அத்தை, "உங்க பொண்ணு இன்னா படிச்சிருக்குது?" என்று கேட்டார்.

"எம்.காம். வீட்டு வேலை எல்லாம் செய்வா. காலையில அஞ்சு மணிக்கே எழுந்துடுவா."

"அஞ்சு மணிக்கா" என்றார் அத்தை. நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் காபி டம்ளரோடு வந்தார். அத்தை மடியிலிருந்த மகள் நழுவி இறங்கி, "அப்பா" என்று ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மாள் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டியலில் புகைப்படமும் உண்டு.

"இவருதானே நாப்பத்தி மூணு?"

"ஆமாங்க, என் பையன்தான்" என்றார் அத்தை, இப்போதுதான் கேட்டதால் சொல்வதுபோல.

"குழந்தை?"

"என் பேத்தி."

"அப்ப பொண்டாட்டி?"

அத்தை திரும்பாமலேயே கட்டைவிரலால் பின்னால் காட்டினார். நான் கழுத்தில் பிரிண்டர் ஒயரைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கும்பிட்டேன். நடந்தது கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அந்த அம்மாள் நல்லவர். "பரவால்லம்மா, எப்படியோ நல்ல எடம்தான் கண்ல பட்டுது" என்றார். அது யாருக்குச் சொன்ன ஆறுதல் என்று தெரியவில்லை.

டீச்சரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் ஒலிபெருக்கியை வாங்கி, வகுப்பறைக் குரலில் அறிவித்தார்: "உங்க கையில இருக்கற பட்டியல்ல கல்யாணமானவங்க பேரும் கலந்திருக்குது. தயவுசெஞ்சு யாரும் அதைப் படிக்க வேண்டாம். திருப்பிக் கொடுத்துடுங்க."

அதுவரை மேலோட்டமாகப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரி வரியாகப் படித்தார்கள். மண்டபம் முழுக்க ஒரே சிரிப்பு. தெரு வாரியாகத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். முன் வரிசையில் ஒருவர் தன் மைத்துனருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உனக்கு இன்னொரு சான்ஸ் வந்திருக்குதுபா" என்றார்.

நடுவில் பதிவிறக்கம் ஒருமுறை நின்றது. சமையல்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் கைபேசி ஜன்னலில் இல்லை. சாம்பார் அண்டாவிலிருந்து ஆவி அடிக்கிறது என்று சமையல்காரர் அதை எடுத்து, துணியால் துடைத்து, அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்து மூடியிருந்தார். எடுத்து மறுபடி ஜன்னலில் வைத்தேன். நல்லவேளை, அதுவரை வந்தது வீணாகவில்லை, மீதிப் பாதியைத்தான் இறக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்குப் பதிமூன்றாம் பதிப்பு வந்து சேர்ந்தது. கோப்பைத் திறந்து "இருப்பதிலேயே புதியது" என்பதை அழித்துவிட்டு, பதிமூன்று என்று எண்ணால் எழுதினேன். பழைய அடைவைக் காட்டி, டப்பாவை எழுப்பினேன். எழுந்தது. விழவில்லை. முதல் காரியமாக என் வீட்டுக்காரர் பெயரைத் தேடினேன். "முடிந்தது" என்று இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சரியான பட்டியல் அச்சாகி வந்தபோது பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். இலைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். சில தாள்களில் மஞ்சள் படிந்தது. ஆனாலும் அன்றைக்கு நான்கு குடும்பங்கள் அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துக்கொண்டு போனதாக டீச்சர் சொன்னார். பட்டியல் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிப் பழகிவிட்டார்களாம். அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பதினேழுக்கு மாற்றுகிற வேலையைச் செவ்வாய்க்கிழமை பகலில் நிலையத்திலேயே நிதானமாகச் செய்தேன். பழைய பதிப்பை ஓடவிட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் எழுத்தாக ஒரே கோப்பில் கொட்டி எடுத்து, காலியில்லை என்று திறந்து பார்த்து, புதுப் பதிப்புக்குப் புது அடைவு கொடுத்து அதில் ஏற்றினேன். டீச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டோடு ஒப்பிட்டார். எல்லாம் சரி. ஆனால் திரை டப்பா உள்ளே போகமாட்டேன் என்றது. கடவுச்சொல் தப்பு என்று வந்தது.

"மாத்திட்டியாம்மா?"

"இல்ல டீச்சர், அதே கடவுச்சொல்தான். பழைய பதிப்பு அதைப் பூட்டி வச்ச முறை வேற, புதுசு கேக்கற முறை வேற. அதே சொல்ல இன்னொரு தடவை புதுசா சொல்லணும்."

"அதே சொல்லையா?"

"அதேதான்."

"அப்ப அதுக்கு நாம சொன்னது பிரச்சினை இல்ல. அது கேக்கற மாதிரி சொல்லணும்" என்றார். பிறகு தன் நோட்டில் தேதி போட்டு, பதினேழு என்று பெரிதாக எழுதி அடிக்கோடிட்டு, "இதை என்னைக் கேக்காம மாத்தக்கூடாது" என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அத்தையிடம், ஏன் உடனே சொல்லவில்லை என்று ஒருநாள் கேட்டேன். "இன்னா சொல்றாங்கன்னு கேட்டேன்மா. கேக்கறதுல இன்னா இருக்குது?" என்றார். என் வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்கத் தலையை ஒருமுறைக்கு இரண்டுமுறை வாரிக்கொண்டு வேலைக்குப் போனார்.

நாற்பது பிரதியில் முப்பத்தாறுதான் திரும்பி வந்திருந்தது. அதனால் என் வீட்டுக்காரர் கைபேசிக்கு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஒரு மாலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் எடுத்தேன். ஆரணியிலிருந்து ஒரு அம்மாள்.

"பையனோட அக்காங்களா?"

"இல்லீங்க, மனைவி."

அவர் குரலைத் தாழ்த்தி, "முதல் மனைவிங்களா?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு ஒரே மனைவிதாங்க."

நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். அதற்குப் பிறகு தன் பெண்ணைப் பற்றி, மாப்பிள்ளை தேடி அலைந்த அலைச்சலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எனக்குத் தம்பி உண்டா என்று கேட்டார். உண்டு. ஜாதகம் அனுப்பினேன். பொருந்தவில்லை. ஆனால் அந்த அம்மாள் அடிக்கடி கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். போன மாதம் அவர் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்து, எங்களுக்கும் பத்திரிகை வைத்தார். மூன்று பேரும் போயிருந்தோம். வாசலில் வரவேற்ற அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டார், மகளைக் கொஞ்சினார், பிறகு என் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "போட்டோவுல கொஞ்சம் ஒல்லியா இருந்தீங்க" என்று சொல்லிச் சாப்பிட அனுப்பி வைத்தார்.